சொல்லிக்கொண்டு போன குப்பை

புதுச்சேரியில் குப்பை முதன்முதலாக வீடு திரும்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் பாக்கெட் வருகிற நேரத்தில். உப்பளம் பகுதியில் விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீடு கிருஷ்ணசாமியினுடையது. அவர் அரியாங்குப்பத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கடைக்குப் போகும்போது வீட்டுக் குப்பையைக் கறுப்புப் பையில் கட்டி ஸ்கூட்டரின் முன்னால் மாட்டிக்கொள்வார். ஆற்றுப் பாலத்தின் நடுவில், வேகத்தைக் குறைக்காமலே, இடது கையால் ஒரு வீசு வீசிவிட்டுப் போவார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள் என்றாலும் அவருடைய வீச்சில் ஒரு நேர்த்தி இருந்ததைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். திங்கட்கிழமை வீசிய பை மறுநாள் காலை அவர் வாசற்படியில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், முடிச்சு அவிழாமல் உட்கார்ந்திருந்தது. நனைந்திருந்தது, ஆற்று நாற்றம் அடித்தது. அவர் மனைவி சுமலதா முடிச்சைப் பார்த்து, அது தான் போட்டதுதான் என்று சொன்னாள். கிருஷ்ணசாமி நம்பவில்லை. இது பக்கத்து வீட்டு அன்பழகனின் வேலை என்று முடிவுகட்டி, மதிலுக்கு மேலாக அவருடைய பரம்பரையையே இழுத்துப் பேசிவிட்டு, அதே பையை அதே பாலத்திலிருந்து இரண்டு மடங்கு வேகத்தில் வீசினார். புதன்கிழமை அது பால்காரனுக்கு முன்பே வந்துவிட்டது.

அடுத்த சில வாரங்களில் ஊர் முழுக்க இதே கதை. முத்தியால்பேட்டை வாய்க்காலில் கொட்டியது முத்தியால்பேட்டைக்குத் திரும்பியது. காந்தி வீதி முனையில் யாரும் பார்க்காதபோது வைத்துவிட்டு வந்தது, வைத்தவர் வீட்டுக்கே வந்தது. நகராட்சி வண்டியில் முறையாகப் போட்டதும் தப்பவில்லை. மேற்கே இருந்த கிடங்குவரை லாரியில் போய், இறங்கி, நடந்து வந்தது. பைகள் முடிச்சை நிமிர்த்திக்கொண்டு சாலையின் இடது ஓரமாக நகர்ந்தன. சிவப்பு விளக்குக்கு நின்றன. சிக்னலில் தானாக நிற்கிற எதையும் பார்த்து நாளாகியிருந்த ஒரு போக்குவரத்துக் காவலர் அவற்றுக்கு வணக்கம் வைத்தார் என்று சொல்கிறார்கள், அதை அவர் இன்றுவரை மறுக்கவில்லை. சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வந்து குடித்துவிட்டுப் போனவர்கள் கடற்கரைப் பாறைகளுக்கு நடுவில் செருகிய பாட்டில்கள் திங்கட்கிழமை விடிந்ததும் வரிசையாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே நடக்கத் தொடங்கின. சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, காலி என்று உறுதியான பிறகு வழிவிட்டார்கள். அடையாறிலும் வேளச்சேரியிலும் அடுக்குமாடி லிஃப்ட்களில் அவை ஏறி வந்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பது அங்கே நாகரிகம் ஆயிற்று.

குப்பை வந்ததுகூடப் பெரிதில்லை, பட்டப்பகலில் நாலு பேர் பார்க்க வந்ததுதான் மானக்கேடு. தெருவுக்கே சர்க்கரையை நிறுத்தச் சொன்ன டாக்டர் வீட்டுக்கு இனிப்புக் கடை டப்பாக்கள் திரும்பின. அமாவாசை விரதக்காரர் வாசலில் பிரியாணிப் பொட்டலத்தின் இலை வந்து நின்றது. எங்கள் வீட்டுது இல்லை என்று சத்தியம் செய்தவர்களின் காலை அவர்களுடைய பையே வந்து உரசியது. வீட்டுக்குள் இடம் போதாமல் ஜனங்கள் குப்பையை மாடிப்படியில் அடுக்கினார்கள், பரணில் ஏற்றினார்கள், விருந்தாளி வந்தால் போர்வை போட்டு மூடினார்கள். ஊர் நாறியது. ஆனால் முதன்முறையாக, யார் நாறுகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது நகராட்சி ஆணையராக இருந்தவர் நிர்மலா. எதற்கும் கோபப்படாதவர், அதனாலேயே மற்றவர்களைக் கோபப்படுத்துகிறவர். கடற்கரைச் சாலையில், பெரியவர்கள் இன்னும் மேரி என்று சொல்கிற பழைய நகரமன்றக் கட்டடத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, ஊரின் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். முதல் வழி, வெளியூர்க் கம்பெனி ஒன்று கொண்டுவந்த இரும்பு மூடி லாரி. குப்பை மறுப்புச் சொல்லாமல் ஏறிக்கொண்டது, விழுப்புரம் தாண்டி மூடியைத் திறந்ததும் இறங்கி முதல் பஸ்ஸின் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தது. இரண்டாவது வழி எரிப்பது. புகை மேலே போய், சற்று யோசித்து, பிரிந்து, அவரவர் வீட்டு ஜன்னலில் நுழைந்தது. சாம்பல் அவரவர் தலையணையில் மட்டும் படிந்தது. மிச்சம் இருந்தது மூன்றாவது வழி. நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மதில் எழுப்பி, குப்பையை உள்ளே போட்டு, கதவைப் பூட்டிவிடுவது. இது எல்லாருக்கும் பிடித்திருந்தது. எங்கே கட்டுவது என்றபோது மட்டும் ஒவ்வொரு பேட்டையும் தன் பேட்டையின் புனிதத்தைப் பற்றிப் பேசியது. கடைசியில் விரல்கள் எல்லாம் வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்த ஓர் இடத்தில் போய் நின்றன. குருசுக்குப்பத்தில், கடலோரம், ஒன்றுமே இல்லாத மணல்.

அந்த ஒன்றுமே இல்லாத மணலில்தான் செல்வாம்பாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளும் இன்னும் பல பெண்களும். முன்பு குப்பத்துக்கு முன்னால் நீளமாகக் கரை இருந்தது. கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது, தின்ற இடத்தில் அரசாங்கம் கருங்கல்லைக் கொட்டியது, கல்லில் மீன் காயாது. மிஞ்சியது அந்த ஒரு துண்டு மணல். வரைபடம் போட்டவர்கள் வந்த நாளில் மீன்பாடு இல்லாததால் களம் காலியாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். செல்வாம்பாள் வாட்டசாட்டமானவள், வாயும் அதற்கேற்ற வாய். அவள் கணவர் அம்மாவாசை கடலில் எவ்வளவு அலை அடித்தாலும் அசராதவர், வீட்டில் அவள் குரல் ஏறினால் வலையைத் தைக்கப் போய்விடுவார். நெத்திலி, வாளை, சுறா, எதை எந்த வெயிலில் எத்தனை தரம் புரட்டுவது என்று பேசி முடிக்காத பெண்கள் அந்தக் களத்தில் தினமும் இருந்தார்கள். களம் போனால் மீனை வந்த விலைக்கு ஐஸ் வண்டிக்காரனிடம் தள்ளிவிட்டு, யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான். மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை தொடங்கும் என்று சொல்லி, களத்தின் நடுவில் இரண்டு இரும்புக் காலில் பலகை ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். குப்பை அடைப்பு வளாகத்துக்கான இடம், அத்துமீறி நுழையக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. செல்வாம்பாள் அதைப் படித்துவிட்டு அதன்மேல் வலையைக் காயப்போட்டாள்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் கூடையோடு துய்மா வீதியில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். வீதி முழுக்க வாசலுக்கு வாசல் பைகள் குந்தியிருந்தன, ஒரே ஒரு வாசல் மட்டும் சுத்தமாக இருந்தது. அது எதுவார் என்பவருடைய வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிப்பாய், ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் மனைவி அஞ்செல் பல ஆண்டுகளாகச் செல்வாம்பாளிடம் வாளைக் கருவாடு வாங்குகிறவர், ஒவ்வொரு தடவையும் உப்பு அதிகம் என்று குறை சொல்லிவிட்டு வாங்குகிறவர். செல்வாம்பாளுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான்.

"இன்னா மதாம், ஊரே நாறுது, உங்க வூட்டு வாசல் மட்டும் தொடைச்சு வச்ச மாதிரி இருக்குது? யாரு வூட்டாண்ட தள்ளி வுடுறீங்க?"

அஞ்செல் கோபித்துக்கொண்டார். தான் யார் வீட்டுப் பக்கமும் தள்ளுவதில்லை, வண்டி வரும்போது வண்டியில் போடுவதோடு சரி, அது ஏன் திரும்பி வரவில்லை என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார். செல்வாம்பாள் நகரவில்லை. மறுநாள் வண்டி வருகிற நேரத்துக்கு வந்து எதிர்ப்பக்கம் நின்றுகொண்டாள். அஞ்செல் வெளியே வந்தார். கையில் பை இல்லை. மூன்று சின்னக் கூடைகள் இருந்தன, அவற்றைப் பிரெஞ்சு வழக்கப்படி புபேல் என்பார். ஒன்றில் காய்த்தோலும் சோறும், இன்னொன்றில் கழுவிய பால் கவரும் டப்பாவும், மூன்றாவதில் காகிதம். ஒவ்வொன்றாக வண்டியில் கவிழ்த்தார். கவிழ்க்கும்போது ஒவ்வொரு கூடைக்கும் தலையை லேசாகச் சாய்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதியே. பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

இது என்ன மந்திரம் என்று செல்வாம்பாள் கதவைத் தட்டிக் கேட்டாள். மந்திரமெல்லாம் இல்லை என்றார் அஞ்செல். பட்டாளத்துக்காரன் பெண்டாட்டியாகத் துலோனிலும் ஜிபுத்தியிலும் ரெயூனியோனிலும் குடித்தனம் பண்ணியிருக்கிறார். ஒவ்வொரு மாற்றலுக்கும் சில பெட்டிகளுக்குத்தான் அனுமதி. பிள்ளைகளின் தொட்டிலையும் தைத்த திரைச்சீலைகளையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. முதல் மாற்றலில் அழுதாராம். இரண்டாவதிலிருந்து, விட்டுப்போகிற ஒவ்வொரு சாமான் முன்னாலும் நின்று அதியே சொல்லிவிட்டுக் கிளம்பக் கற்றுக்கொண்டாராம்.

"மறுபடி பாக்கப் போறவங்ககிட்ட ஒர்வுவார்னு சொல்லுவோம். இனிமே பாக்கவே மாட்டோம்னா அதியே. சாமானா இருந்தா இன்னா, சொல்லாம கொள்ளாம வுட்டுட்டு வந்தா மனசுல நின்னுக்கினே இருக்கும்" என்றார்.

செல்வாம்பாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். தன் வீட்டில் தினமும் காலையில் தான் சொல்வது அவளுக்கு ஞாபகம் வந்தது. இதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் யாரும் போறேன் என்று சொல்வதில்லை. கடைத்தெருவுக்குப் போனாலும் காசிக்குப் போனாலும் போயிட்டு வர்றேன்தான். வாய்தவறிப் போறேன் என்று சொன்னவர்களைப் படியேறி வரச்செய்து, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, மறுபடி சரியாகச் சொல்லவைத்து அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. குப்பைக்கும் அதே பேச்சுதான். குப்பையைப் போட்டுட்டு வர்றேன், கொட்டிட்டு வர்றேன். சொன்னவர் தன்னைத்தான் சொன்னார். கையில் இருந்த பை, தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டது. வாசலில் வைத்து வருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது, வந்தது. இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அழைத்தவுடனே எல்லா விருந்தாளியுமா வந்துவிடுகிறார்கள்?

வீட்டுக்குப் போன கையோடு செல்வாம்பாள் தன் குப்பை வாளிக்கு அதியே சொன்னாள். பாதி போயிற்று, பாதி திரும்பியது. மீன் தலையும் செதிலும் போய்விட்டன, அவற்றுக்கு அடியில் கிடந்த ஷாம்பு கவரும் பிய்ந்த செருப்பும் மறுநாள் வாசலில் நின்றன. மறுபடி துய்மா வீதிக்கு ஓடினாள். அஞ்செல் சிரித்துவிட்டார். கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும்போது கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தால் யாராவது ஏற்றுக்கொள்வார்களா, ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டுதானே வர வேண்டும் என்று கேட்டார். அன்றிலிருந்து செல்வாம்பாள் வீட்டில் மூன்று வாளி. அம்மாவாசை எதை எதில் போடுவது என்று தெரியாமல் சில நாட்கள் பீடித்துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். வாசலுக்கு ஒன்றும் திரும்பவில்லை.

மேரியில் அடுத்த கூட்டம் நடந்தபோது செல்வாம்பாள் அஞ்செலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய், குப்பைக்கு அதியே சொன்னால் போதும் என்றாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிர்மலா சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் மேசைக்கு அடியில் காலையில் அவர் வீட்டில் கட்டிய பை வந்து உட்கார்ந்திருந்தது. செய்துதான் பார்ப்போமே என்றார். உடனே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் புருஷோத்தமன் எழுந்தார். வெள்ளைக்காரன் போய் இத்தனை காலம் ஆன பிறகு குப்பையை அனுப்ப அவன் மொழியா, தமிழில் சொல் இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சோதித்தார்கள். விடைபெறுக என்றதற்குப் பை அசையவில்லை, வாழ்நாளில் யாரும் அதை யாரிடமும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. சென்று வருக என்றார்கள், கேட்டுக்கு வெளியே போய் இரண்டு நிமிடத்தில் வந்தது, வருக என்றதால். டாட்டா என்றார்கள், தெருமுனைவரை போய்விட்டுப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் திரும்பியது. பை என்று ஆங்கிலத்தில் சொன்னதற்கு, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைத்து மடியில் ஏறிக்கொண்டது. போ என்றே நேராகச் சொல்லிவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு அரங்கில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் மறுத்தார்கள். விளக்கேற்றுகிற வீட்டு வாசலில் நின்று, அதுவும் வெள்ளிக்கிழமை காலையில், யாராவது போ என்பார்களா? அதியேயில் அந்த வம்பு இல்லை. அர்த்தம் அதேதான், ஆனால் வேற்று மொழியில் சொன்னால் அபசகுனம் ஒட்டாது. அஞ்செல் மேசைக்கு அடியில் இருந்த பையை அவிழ்த்து, பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலையைச் சாய்த்துச் சொன்னார். குப்பை எழுந்து, படியிறங்கி, சாலையில் நின்ற வண்டியில் தானே ஏறிக்கொண்டது. ஏறியது ஏறியதுதான்.

நிர்மலா ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு வீடு வேறு, ஒரு ஊர் வேறு. இது தொடங்கிய உப்பளத்தில், ஒரு வியாழக்கிழமை, எல்லா வீட்டுக் குப்பையும் இப்படியே போகட்டும். மறுநாள் பால் வருவதற்குள் ஒரு பைகூடத் திரும்பவில்லை என்றால் மதில் வேண்டாம் என்று நானே மேலே எழுதுகிறேன் என்றார். ஒன்று திரும்பினாலும் தடைக்காலத்தின் முதல் நாள் குருசுக்குப்பத்தில் கடைக்கால் தோண்டுவார்கள். செல்வாம்பாள் யோசிக்காமல் சரி என்றாள். கருவாட்டுக் களத்துப் பெண்கள் அத்தனை பேரும் கூடையை ஓரம் வைத்துவிட்டு உப்பளத்தில் வீடு வீடாக இறங்கினார்கள். ஒரு தெருவில் அத்தியே, அடுத்த தெருவில் அதியா, ஒரு வீட்டில் அத்தியாயம் என்றுகூடச் சொன்னார்கள். உச்சரிப்பைப் பற்றிக் குப்பை கவலைப்படவில்லை, மனதோடு சொன்னால் போதும் என்றிருந்தது. அன்பழகன் தன் வீட்டு உடைந்த மிக்சிக்குக் கைகுலுக்காத குறையாகச் சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை பிற்பகலில் ஒரே ஒரு வீடுதான் பாக்கி.

கிருஷ்ணசாமி மறுத்துவிட்டார். வீடு நிறையப் பைகள் அடுக்கிக் கிடந்தன, ஒன்றையும் அவர் அவிழ்த்ததில்லை, வந்ததும் கோபத்தோடு மூலையில் தள்ளுவதோடு சரி. அதில் ஒன்றை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வழக்கம்போலப் பாலத்துக்குக் கிளம்பினார். செல்வாம்பாள் கேட்டை மறித்து நின்றாள்.

"குப்பைக்குப் போய்க் கும்புடு போட நான் என்ன பைத்தியமா? வழி வுடும்மா" என்றார்.

"நீ பைத்தியமோ இன்னாவோ, எனக்குக் களம் வேணும் அண்ணா. இந்த ஒரு பை வந்து நின்னா எங்க கதை முடிஞ்சுது" என்றாள் செல்வாம்பாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கேட்டுக்குக் குறுக்கே கூடையை இறக்கி, மூடியிருந்த சாக்கை விலக்கி, பால்சுறாக் கருவாட்டை வெயிலில் பரப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்த வாசனையில் தெருவே கதவைச் சாத்தியது. கிருஷ்ணசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, பையைத் தரையில் போட்டு முடிச்சை வெடுக்கென்று அறுத்தார்.

அதுதான் அந்த முதல் செவ்வாய்க்கிழமை வந்த பை. உள்ளே காய்த்தோல் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், ஒரு கண்ணாடிக் கூடு, வெந்நீர்ப் பை, தைலம் தீர்ந்த சீசா. ஐப்பசியில் அவருடைய அம்மா ஜெயம் இறந்துபோயிருந்தார். அம்மாவின் அறையைக் காலிசெய்யச் சொல்லி கிருஷ்ணசாமிதான் சுமலதாவை அவசரப்படுத்தினார், பார்த்தால் மனது கஷ்டப்படும் என்று பார்க்காமலே கட்டச் சொன்னார், பார்க்காமலே வீசினார். அம்மா ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடைக்குப் போன் செய்து, போயிட்டு வர்றேம்பா என்றுதான் சொன்னாராம். கடையில் கூட்டம், இவர் சரி சரி என்று போனை வைத்துவிட்டாராம். வர்றேன் என்ற அம்மா வரவில்லை, அவர் சாமான்தான் ஒவ்வொரு நாளும் ஆற்றிலிருந்து எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தது. கிருஷ்ணசாமி வெயிலில், நடுத்தெருவில், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய குரலில் அழுதார். செல்வாம்பாளும் அழுதாள், அவளுக்கு அம்மா போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பிறகு அவர் ஒவ்வொரு மாத்திரை அட்டையாகக் கையில் எடுத்து அதியே சொன்னார். கண்ணாடிக் கூட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அது குப்பை இல்லை என்றார், யாரும் ஆட்சேபிக்கவில்லை. மற்றப் பைகளையும் அவரும் சுமலதாவும் அன்பழகனும் சேர்ந்தே பிரித்தார்கள். வண்டி கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை நிர்மலா உப்பளத்தில் நடுத்தெருவில் நின்றார். களத்துப் பெண்கள் தெருவுக்குத் தெரு நின்றார்கள். பால் வண்டி வந்தது. பாக்கெட்டுகள் வாசலில் விழுகிற சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன, ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள், கோலம் போட்ட வாசலில் கோலமும் பாலும் தவிர எதுவும் இல்லை. முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் ஒரு வீட்டு மாடியிலிருந்து யாரோ கை தட்டினார்கள், அது தெருத் தெருவாகப் பரவி, விளையாட்டு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள்வரை போயிற்று. அஞ்செலைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், அவர் பிரெஞ்சில் திட்டினார். நிர்மலா வாழ்க்கையில் முதன்முறையாகப் பொது இடத்தில் பல் தெரியச் சிரித்தார் என்று அவருடைய டிரைவர் சொல்கிறார். குருசுக்குப்பத்தில் அன்று சரவெடி வெடித்தார்கள். வெடித்த காகிதத்தைப் பெருக்கி அதற்கும் அதியே சொன்னார்கள், அதுவும் மரியாதையாகப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சித்திரைக்குள் முத்தியால்பேட்டை, ஆடிக்குள் ஊர் முழுக்க. வீட்டுக்கு மூன்று புபேல் என்பது அரிசிப்பானைபோலச் சாதாரணம் ஆயிற்று. காய்கறிக் கழிவு சுற்றுவட்டாரக் கிராமத்து நிலங்களுக்கு எருவாகப் போனது, அங்கே கத்திரிக்காய் நன்றாகக் காய்த்தது. தெருவில் வண்டி மணி கேட்டதும் குப்பை தானாகவே வரிசையில் வந்து ஏறிக்கொண்டதால் வண்டிக்காரர்களுக்கு முதுகு வளைக்கிற வேலை இல்லாமல் போயிற்று, அவர்கள் நிமிர்ந்து நடப்பதை இப்போதும் பார்க்கலாம். புருஷோத்தமன் அதியே என்பது அடிப்படையில் பழந்தமிழ்ச் சொல்தான் என்று நிறுவி ஒரு கட்டுரை எழுதினார், ஊர் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. பிரான்சிலிருந்து வருகிறவர்கள்தான் கொஞ்சம் தடுமாறுகிறார்கள். கிளம்பும்போது உணர்ச்சிவசப்பட்டு அதியே என்று சொன்னால், விடுதிக்காரர்கள் என்னத்தைப் போடணும் என்று கையை நீட்டுகிறார்கள்.

களத்தில் பலகை மட்டும் நின்றது. மதில் வேண்டாம் என்று நிர்மலா எழுதியது மேலே போய், அதற்கும் மேலே போய், உத்தரவு வரவில்லை. உத்தரவு வராமல் பலகையை எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றியே மீன் பரப்பினார்கள். பலகைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லேன் என்று பலரும் செல்வாம்பாளைத் தூண்டினார்கள். அவள் மாட்டேன் என்றாள். முழுசாகத் தீராத ஒன்றுக்குச் சொன்னால் அது திரும்பிவிடும், அப்படித் திரும்பினால் மதிலையும் கூட்டிக்கொண்டு வரும் என்றாள். இரண்டு தடைக்காலம் போயிற்று. ஒவ்வொரு தடைக்காலத்திலும் கடைக்கால் தோண்ட ஆள் வருகிறார்களா என்று அவள் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவாசைக்கு மட்டும் தெரியும். மூன்றாவது வருஷம் தை மாதத்தில் நிர்மலாவே ஒரு காலையில் ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு மணலில் நடந்து வந்தார். அந்த இடம் இனி மீன் உலர்களம், அரசாணை ஆகிவிட்டது, வரைபடத்திலும் அப்படியே எழுதியாகிவிட்டது என்றார். செல்வாம்பாள் ஒரு தரம் கேட்டாள். நம்பிக்கை வராமல் மறுபடி கேட்டாள்.

"மெய்யாலுமா மேடம்?"

"மெய்தாம்மா. இனிமே இது உங்க களம்."

செல்வாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பலகையின் முன்னால் போய் நின்றாள். திட்டுவாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் தலையை லேசாகச் சாய்த்து, அதியே என்றாள். பலகை இரண்டு காலையும் மணலிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, உதறி, கருங்கல் மேட்டில் நிதானமாக ஏறி, ரோட்டைத் தாண்டிப் போயிற்று. ஜீப் டிரைவர் அதற்கு வழிவிட வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். அது நின்ற இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. பெண்கள் காலால் மணலைத் தள்ளி மூடினார்கள், செல்வாம்பாள் அதன்மேல் நெத்திலியைப் பரப்பினாள். அன்றைக்கு நல்ல வெயில்.